திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர்கள்: ஒரு பேட்டைக்குப் பெரியோர் பட்டியல் தயாரிக்கும் வழி

பள்ளி மலருக்காகவோ, ஞாயிற்றுக்கிழமை தெரு நடைக்காகவோ, தமிழ் விக்கிப்பீடியாவுக்காகவோ ‘எங்கள் பேட்டையில் பிறந்தவர்கள், வாழ்ந்தவர்கள்’ என்று ஒரு பட்டியல் போட உட்காருகிறீர்களா? பெயர்களைச் சேர்க்க ஒரு மாலை போதும். சேர்த்த பெயர்களில் எது நிற்கும், எது நிற்காது என்று காகிதம் காட்டுவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். இங்கே திருவல்லிக்கேணியை வைத்தே சொல்கிறோம். ராயபுரத்துக்கும் மயிலாப்பூருக்கும் இதே முறை பொருந்தும். மதுரை, திருச்சியிலும் அலுவலகப் பெயர்கள்தான் மாறும்.

1. முதலில் எல்லையை எழுதி வையுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் பாதி வேலை முடிந்தபின் சண்டை வரும். கிழக்கே கடற்கரை இருப்பதால் அந்தப் பக்கம் சிக்கலில்லை. மற்ற மூன்று பக்கமும் தகராறுதான். சேப்பாக்கம் திருவல்லிக்கேணியில் சேருமா? ஐஸ் ஹவுஸ் பக்கம்? ஆற்காடு நவாபுகள் சேப்பாக்கம் அரண்மனையில் இருந்தவர்கள். பின்னாளில் அவர்கள் குடியேறிய அமீர் மகால் ராயப்பேட்டையில் இருக்கிறது. எல்லைக் கோட்டை எங்கே இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே குடும்பம் உள்ளேயும் வரும், வெளியேயும் போகும்.

நடைமுறைக்கு ஒத்துவருவது அஞ்சல் குறியீடு. திருவல்லிக்கேணிக்கும் சேப்பாக்கத்துக்கும் 600005, ராயப்பேட்டைக்கு 600014, மயிலாப்பூருக்கு 600004. மாநகராட்சி வார்டு எல்லையை அடிப்படையாக எடுக்காதீர்கள். மறுவரையறை வரும்போதெல்லாம் அது நகரும். அஞ்சல் குறியீடே 1972இல்தான் வந்தது. அதற்கு முந்தைய முகவரிகளைத் தெருவின் பெயரைக் கொண்டு இன்றைய குறியீட்டுக்குள் பொருத்திக்கொள்ளுங்கள். முடிவு செய்ததை இரண்டு வரியில் எழுதிப் பட்டியலின் தலையில் போட்டுவிடுங்கள்.

2. ‘திருவல்லிக்கேணிக்காரர்’ என்ற ஒரே பத்தி வேண்டாம்

பிறந்தவர், குடியிருந்தவர், படித்தவர் அல்லது பணியாற்றியவர், தங்கிச் சென்றவர், மறைந்தவர் என்று அட்டவணையில் ஐந்து பத்திகள் போடுங்கள். பட்டியல்கள் கெடுவது பெரும்பாலும் இவற்றைக் கலப்பதால்தான். சில உதாரணங்கள்:

உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார், 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். இரண்டும் இந்தப் பேட்டை அல்ல. ஆனால் மாநிலக் கல்லூரிப் பணிக்காக 1903இல் சென்னைக்கு வந்தபின் பல்லாண்டுகள் குடியிருந்தது பிள்ளையார் கோயில் தெருவில் உள்ள ‘தியாகராஜ விலாச’த்தில். எனவே ‘குடியிருந்தவர்’ பத்தி மட்டும்.

வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் லாகூரில் பிறந்தவர், சென்னையில் வீடு மயிலாப்பூரில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்ததால் ‘படித்தவர்’ பத்திக்கு மட்டுமே வருவார். பல பட்டியல்களில் இவரை ‘இங்கே வாழ்ந்தவர்’ என்று பார்க்கலாம். அது தவறு.

விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் ஒன்பது நாள் தங்கினார். கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என்றே பெயர் பெற்றுவிட்டது. இருந்தாலும் ஒன்பது நாளைக் குடியிருப்பு என்று எழுத முடியாது. ‘தங்கிச் சென்றவர்’ என்று போடுங்கள், யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. குடியிருப்புக்கு ஓராண்டு என்று ஓர் அளவு வைத்துக்கொண்டால் வாக்குவாதம் குறையும்.

‘பிறந்தவர்’ பத்தியில் ஒரு தனி எச்சரிக்கை. கோஷா ஆஸ்பத்திரி இந்தப் பேட்டையில் இருக்கிறது. நகரத்தின் எத்தனையோ பகுதிகளிலிருந்து பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்ததை மட்டும் வைத்துச் சேர்க்கத் தொடங்கினால் பாதிச் சென்னை உள்ளே வந்துவிடும். பெற்றோர் வீடும் எல்லைக்குள் இருந்தால் மட்டுமே பிறந்தவர் என்று எழுதுங்கள். மற்றவர்களுக்கு ‘மருத்துவமனைப் பிறப்பு’ என்ற குறிப்பு போதும்.

3. ஒரே ஆள், இரண்டு முறை குடியேறியிருப்பார்

கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கேட்டு எழுதிய கடிதம் 1912 பிப்ரவரி 9 தேதியிட்டது. அதில் உள்ள முகவரி சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி. வேலை கிடைத்தபின் ஜார்ஜ் டவுனுக்குப் போனார். 1913இல் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைத்தபின் மறுபடி வந்து அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்தார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். திரும்பி வந்து 1920 ஏப்ரல் 26 அன்று மறைந்தது சேத்துப்பட்டில்.

இதை ‘1912–1914, திருவல்லிக்கேணி’ என்று ஒரே வரியில் எழுதினால் நடுவில் இருந்த ஜார்ஜ் டவுன் காணாமல் போகும். பிற்பாடு ஜார்ஜ் டவுன் பட்டியல் போடுகிறவர் வந்து உங்களோடு மோதுவார், நியாயமும் அவர் பக்கம்தான். ஆளுக்கு ஒரு வரி போடாமல் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வரி போடுங்கள்.

4. எந்தக் காகிதம் எதைக் காட்டும்

நூல் முகவுரைகள். இவைதாம் செலவில்லாத முதல் சான்று, பலர் கவனிப்பதே இல்லை. பழைய தமிழ் நூல்களில் முகவுரையின் இறுதியில் கையெழுத்துக்கு எதிரே ஊர், வீட்டுப் பெயர், தேதி எல்லாம் இருக்கும். உ.வே.சா. பதிப்புகளில் தியாகராஜ விலாசம் என்ற முகவரியை இப்படித்தான் ஆண்டுவாரியாகப் பின்தொடரலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான பழைய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்புப் பக்கத்தையும் முகவுரையின் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்தால் போதும், ஒரு நாளில் முப்பது நாற்பது நூல்களை முடிக்கலாம். மறுபதிப்பைப் பார்க்காதீர்கள். பழைய முகவுரையை அப்படியே அச்சிட்டுவிட்டுப் புதிய ஆண்டை மேலே போட்டிருப்பார்கள்.

கடிதங்கள். தேதியும் முகவரியும் ஒன்றாக இருக்கும் கடிதம் ஒன்று கிடைத்தால் அந்த நாளுக்கு அதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் அந்த நாளுக்கு மட்டும்தான். உறையின் மேல் உள்ள ‘மேற்பார்வை’ (c/o) முகவரியைக் குடியிருப்பாக எடுக்காதீர்கள், அது நண்பர் வீடாகவோ அலுவலகமாகவோ இருக்கலாம்.

பிறப்பு, இறப்புப் பதிவேடுகள். அண்மைக் காலப் பதிவுகளை மாநகராட்சியின் இணையதளத்தில் தேடலாம். பழையவற்றுக்கு மண்டல அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். திருவல்லிக்கேணி தேனாம்பேட்டை மண்டலத்தில், அதாவது 9ஆம் மண்டலத்தில் வருகிறது. தேதி, தந்தை பெயர், தாய் பெயர், தெரு ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். பிரபலமான பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் கிடைக்காது. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்திருக்கும், பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். தந்தை பெயரும் தேதியும்தான் சாவி.

வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ளவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, தேடும் ஆண்டுகளுக்கு ஏற்ப கட்டணம் கட்ட வேண்டும். ஆண்டு கூடக் கூடப் பணமும் கூடும். ‘1900 முதல் இன்று வரை’ என்று கேட்காமல் பத்துப் பத்து ஆண்டாகக் கேளுங்கள். போகும்போது நகர அளவை எண்ணும் பிளாக் எண்ணும் கையில் இருக்க வேண்டும், கதவு எண் மட்டும் போதாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வில்லங்கம் காட்டுவது உரிமையை மட்டுமே, குடியிருப்பை அல்ல. திருவல்லிக்கேணியில் எழுத்தாளரும் மாணவரும் பத்திரிகைக்காரரும் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் வராது. பெயர் இல்லை என்பதை ‘இங்கே வாழவில்லை’ என்று படிக்காதீர்கள். சொந்த வீடு இருந்ததை ‘இங்கேதான் வாழ்ந்தார்’ என்றும் படிக்காதீர்கள், வாடகைக்கு விட்டிருப்பார்.

வாக்காளர் பட்டியல், இரங்கல் செய்தி, பழைய நகர விவரத் தொகுப்புகள் எல்லாம் துணைச் சான்றுகள். இரங்கல் செய்தியில் வயதும் தெருவும் அவசரத்தில் எழுதப்பட்டவை.

5. தேதியை மாற்றும்போது இரண்டு இடத்தில் வழுக்கும்

முதலாவது தமிழ் ஆண்டு. உ.வே.சா. பிறந்தது ஆனந்த வருஷம் மாசி மாதம். ஆனந்த வருஷம் 1854 ஏப்ரலில் தொடங்கியது. அதைப் பார்த்து 1854 என்று எழுதினால் தப்பு. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மார்கழியின் பிற்பாதியும் அப்படித்தான். சரியான தேதி 1855 பிப்ரவரி 19. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், ஆள் எந்தச் சுற்றில் பிறந்தவர் என்பதையும் வேறொரு சான்றால் உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது நள்ளிரவு. பஞ்சாங்கப்படி நாள் மாறுவது சூரிய உதயத்தில், அரசுப் பதிவில் மாறுவது இரவு 12 மணிக்கு. பாரதியார் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில் மறைந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டிய பிறகு. நினைவுநாள் 11 என்று கொண்டாடுகிறார்கள், மாநகராட்சி இறப்புப் பதிவில் 12 என்று இருக்கிறது. ஒன்றை அடித்து மற்றொன்றை வைக்க வேண்டாம். பதிவுத் தேதியைப் பத்தியில் போட்டு, வழக்கில் உள்ள தேதியைக் குறிப்பில் போடுங்கள்.

6. தெருவும் கதவு எண்ணும்

பைகிராப்ட்ஸ் ரோடு இன்று பாரதி சாலை. திருவல்லிக்கேணி ஹை ரோடு இன்று காயிதே மில்லத் சாலை. எட்வர்டு எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆகிவிட்டது. தெருப் பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகளும் நீக்கப்பட்டன. முதலி, நாயக்கர், செட்டி என்று முடிந்த தெருக்கள் இன்றைய பலகையில் வெட்டுப்பட்ட பெயரோடு நிற்கும். பழைய கடிதத்தில் உள்ள பெயரை வரைபடச் செயலியில் தட்டினால் வேறு பேட்டைக்குக் கொண்டுபோய் விடும்.

அதைவிட மோசம் கோயில் தெருக்கள். சென்னையில் பிள்ளையார் கோயில் தெரு எத்தனை என்று எண்ணி மாளாது. தெருப் பெயரோடு உட்பேட்டையின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள்: திருவேட்டீசுவரன்பேட்டை, ஐஸ் ஹவுஸ், மாட வீதிப் பக்கம் என்று.

கதவு எண்ணை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: ஆவணத்தில் உள்ள எண், பழைய எண், புதிய எண். இன்றைய வீட்டு வாசலில் ‘பழைய எண்’ என்று எழுதியிருப்பது 1910இல் இருந்த எண் என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் எண்ணிடுதல் மாறியிருக்கலாம், மனை இரண்டாகப் பிரிந்திருக்கலாம். எண் பொருந்தாதபோது கோயில், மூலைக்கடை, பள்ளி போன்ற நகராத அடையாளத்திலிருந்து எத்தனையாவது வீடு என்று பாருங்கள். வீடே இல்லாமலும் போயிருக்கும். தியாகராஜ விலாசத்தை 2012இல் இடித்துவிட்டார்கள். அப்போது ‘வீடு இருந்த மனை’ என்று எழுதுங்கள், இப்போது நிற்கும் அடுக்குமாடியின் படத்தைப் போட்டு ‘இன்னார் வீடு’ என்று தலைப்பிடாதீர்கள்.

7. நூலகமும் காப்பகமும்: எடுத்துப்போக வேண்டியவை

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முன்னனுமதி வேண்டும். அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், என்ன தலைப்பில் எந்த ஆண்டுகளைப் பார்க்கப்போகிறீர்கள் என்ற கடிதம் ஆகியவை அடிப்படை. கல்லூரி, பள்ளி, பதிவு பெற்ற சங்கம் ஏதாவது ஒன்றின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். அனுமதிக்கு ஓரிரு வாரம் ஒதுக்குங்கள். ‘திருவல்லிக்கேணி பற்றி எல்லாம்’ என்று கேட்டால் யாராலும் எடுத்துத்தர முடியாது. துறை, ஆண்டு, அரசாணை எண் என்று கேளுங்கள்.

பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம். 1950களின் நடுவிலிருந்து நாட்டில் வெளியாகும் நூல்களின் படி இங்கே வந்து சேர வேண்டும் என்பது சட்டம். ஆகவே அதற்குப் பிந்தைய மலர்களுக்கும் வாழ்க்கை வரலாறுகளுக்கும் முதலில் இங்கே பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இதழ்களுக்கும் சிறு வெளியீடுகளுக்கும் சிறந்தது. நூற்பட்டியலை வீட்டிலிருந்தே தேடி, அழைப்பு எண்களோடு போனால் அரை நாள் மிச்சம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. எல்லா இடத்திலும் நகல் பக்கக் கணக்கில்தான். முழு நூலையும் நகலெடுக்க விட மாட்டார்கள். தலைப்புப் பக்கம், முகவரி உள்ள பக்கம் என இரண்டு பக்கம் வாங்கினாலே நம் வேலைக்குப் போதும்.

8. தகவல் அறியும் உரிமை மனு

தெருப் பெயர் எந்தத் தீர்மானத்தால் எந்த ஆண்டு மாறியது, நினைவு இல்லத்தை அரசு எப்போது வாங்கியது போன்றவற்றுக்கு இது நல்ல வழி. கட்டணம் ₹10, நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு ₹2. பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அல்லது பதில் நிறைவில்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

மனு திரும்பி வருவதற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஏன் பெயர் மாற்றினீர்கள்?’ என்று கேட்பது. விளக்கம் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர், இருக்கிற ஆவணத்தின் நகலைத் தரத்தான் சட்டம். ‘பைகிராப்ட்ஸ் ரோட்டின் பெயரைப் பாரதி சாலை என்று மாற்றிய மாமன்றத் தீர்மானத்தின் நகல்’ என்று கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு பொருள் மட்டும்.

9. தெருவில் இறங்குவது

ஞாயிறு காலை 7 முதல் 9 வரை நல்ல நேரம். வைகுண்ட ஏகாதசி, பார்த்தசாரதி கோயில் பிரம்மோற்சவம், சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் நாள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மாட வீதிகளில் படமெடுக்க இடமே இருக்காது.

பெரியவர்களிடம் ‘பாரதியார் இந்தத் தெருவிலே இருந்தாராமே?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். ‘இந்த வீட்டிலே யார் யார் குடியிருந்தாங்க, உங்களுக்கு யார் சொன்னது, மாடியா கீழா’ என்று கேளுங்கள். சொன்னவர் கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள். பேச்சைப் பதிவு செய்யுமுன் சம்மதம் எழுதி வாங்குங்கள், இல்லையேல் அச்சுக்குப் போகும் நேரத்தில் ‘நான் சொல்லவில்லை’ என்பார்கள். வீட்டின் முகப்பைத் தெருவில் நின்று எடுக்கலாம், முற்றத்துக்குள் போக வீட்டுக்காரர் அனுமதி வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்குத் தெரு, கதவு எண் எதுவும் போடாதீர்கள், ‘திருவல்லிக்கேணி’ போதும்.

10. மதிப்பெண் போட்டுப் பிறகு வெளியிடுங்கள்

அந்தக் காலத்துக் காகிதத்தில் பெயர், முகவரி, தேதி மூன்றும் இருந்தால் ‘அ’. குடும்பத்தாரோ உடனிருந்தவரோ அச்சில் எழுதியது ‘ஆ’. வாய்மொழியும் பிற்காலக் கட்டுரையும் ‘இ’. ஐந்து கட்டுரைகள் ஒரே தகவலைச் சொன்னால் ஐந்து சான்று ஆகிவிடாது, நான்கும் முதலாவதைப் பார்த்து எழுதியவையாக இருக்கும். ‘இ’ மட்டும் உள்ள பெயர்களைத் தூக்கி எறியாமல் தனித்தாளில் வையுங்கள். அச்சில் அவை வேண்டாம்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அச்சில் வெளிவந்த சான்று தேவை, நீங்கள் எடுத்த பேட்டி அங்கே செல்லாது. எனவே முதலில் சிறு நூலாகவோ மலரில் கட்டுரையாகவோ போட்டுவிடுவது புத்திசாலித்தனம். நூலுக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பெறலாம், வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போக வேண்டாம். பழைய எழுத்துகளை எடுத்துப்போட ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும், அந்த ஆண்டு முடிவிலிருந்து எண்ண வேண்டும். உ.வே.சா.வின் எழுத்துக்குத் தடையில்லை. ஒளிப்படத்துக்கு 2012 வரை கணக்கு வேறு, வெளியான ஆண்டிலிருந்து 60. அந்த ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் அதற்கும் படமெடுத்தவர் மறைந்து 60 ஆண்டு என்பதே கணக்கு.

வீட்டு வாசலில் ‘இங்கே இன்னார் வாழ்ந்தார்’ என்று பலகை வைக்க ஆசைப்பட்டால், சான்று ‘அ’வாக உள்ள வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். பல வீடுகளில் பங்காளிகள் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நம்பிக் கல்வெட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.